அந்தமான் சிறைக்குப் போங்கள் – படம் பிடிக்க மட்டுமல்ல!

(இளைஞர், வணிகர் பயிலரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

உங்களில் பலர் அந்தமானுக்குப் போய் வந்தவர்கள். சரக்கு விஷயமாகப் போனவர்கள் உண்டு. கடை வைத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போனவர்கள் உண்டு. திருமணமான புதிதில் கடற்கரை பார்க்கப் போனவர்களும் உண்டு. சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள். விமானத்தில் போனால் இரண்டரை மணி நேரத்திற்குள் இறங்கிவிடலாம். போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய அந்த ஊருக்கு 2024-ம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

அங்கே போனவர்களிடம், "செல்லுலார் ஜெயிலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "பார்த்தோமே! சீட்டு வாங்கி உள்ளே போனோம், படம் பிடித்தோம், இரவில் ஒளி-ஒலிக் காட்சியும் பார்த்தோம்" என்கிறார்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் இல்லை. இன்னும் சிலர், "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்.

இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில்தான். சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமான சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அதைச் சரியாகத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். தெரியாமல் மேடையில் முழங்குவதால் நம் முன்னோருக்குப் பெருமை சேராது.

சிறைக்கு முன்பே சிறையான தீவு

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தமானுக்குக் கைதிகள் அனுப்பப்பட்ட வரலாறு வேறு. செல்லுலார் சிறையின் வரலாறு வேறு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது.

1857-ல் வட இந்தியாவில் பெரும் புரட்சி வெடித்தது. அதை அடக்கிய வெள்ளையன் பிடித்தவர்களில் பல்லாயிரம் பேரைத் தூக்கிலிட்டான். பீரங்கி வாயில் கட்டிச் சுட்டான். எஞ்சியவர்களைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிட இடம் தேடினான். 1858 மார்ச் 10-ம் தேதி டாக்டர் ஜேம்ஸ் வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு அந்தமானில் வந்து இறங்கினார். அன்று அங்கே சிறைக் கட்டடம் எதுவும் கிடையாது. சுற்றிலும் கடல், நடுவே காடு, மலேரியா, அட்டை, இடைவிடாத மழை. அந்தக் காட்டை வெட்டி, தங்களுக்கான சிறையைத் தாங்களே உண்டாக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

தப்பி ஓடினார்கள். இது தீவு என்பதே தெரியாமல், காட்டைக் கடந்தால் பர்மா வந்துவிடும் என்று நம்பி ஓடினார்கள். பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். கல்கத்தாவில் இருந்த மேலிடமே, "இது அதிகம்" என்று சொல்லும் அளவுக்கு அந்தக் கொடுமை இருந்தது.

இந்த முதல் தலைமுறைக் கைதிகளில்தான் நம் ஆலிம்கள் இருந்தார்கள். மௌலானா பஸ்லே ஹக் கைராபாதியின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? தர்க்கவியலில் அன்றைய இந்தியாவின் பேரறிஞர். கவிஞர் மிர்சா காலிபின் நண்பர். புரட்சிக்குத் துணை நின்றார் என்று 1859-ல் ஆயுள் தண்டனை விதித்து, அறுபது வயதைக் கடந்த அந்த மனிதரை அந்தமானுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்துகொண்டே 1857-ன் நிகழ்ச்சிகளை அரபு மொழியில் உரைநடையாகவும் கவிதையாகவும் எழுதி வைத்தார். 1861-ல் அங்கேயே வபாத்தானார். அவருடைய கபர் அந்தத் தீவு மண்ணில்தான் இருக்கிறது.

முப்தி இனாயத் அஹ்மத் காகோரவி இன்னொருவர். கையில் கிதாபு இல்லை, நூலகம் இல்லை, மாணவர்கள் இல்லை. மனதில் இருந்ததை மட்டும் நம்பி அந்தமானில் உட்கார்ந்து நூல் எழுதினார். அப்படி அவர் எழுதிய அரபு இலக்கண நூல்களில் ஒன்றான "இல்முஸ் ஸீகா" இன்றும் மத்ரஸாக்களில் பாடமாக ஓதப்படுகிறது. அந்தக் கிதாபை ஓதும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு கைதி எழுதியது என்று தெரியும்? விடுதலையாகி, 1863-ல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கப்பல் மூழ்கி அவர் இறந்தார்.

1864-ல் அம்பாலாவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. மௌலானா ஜாபர் தானேசரி, பாட்னாவின் மௌலானா யஹ்யா அலி முதலியோருக்குத் தூக்கு என்று தீர்ப்பு. தூக்கை ஷஹாதத் என்று எண்ணி இவர்கள் மகிழ்கிறார்கள் என்று கண்டதும், அந்த மகிழ்ச்சியைக் கொடுக்கக் கூடாது என்று தண்டனையை நாடு கடத்தலாக மாற்றினார்கள். யஹ்யா அலி 1868-ல் அந்தமானிலேயே இறந்தார். தானேசரி 1866 முதல் 1883 வரை அங்கே இருந்தார். எழுத்தராக வேலை பார்த்தார், ஆங்கிலம் கற்றார், குடும்பம் அமைத்தார், ஊர் திரும்பிய பின் தன் அனுபவங்களை உருது மொழியில் எழுதினார். அந்தக் காலத்து அந்தமானைக் கைதியின் கண்ணால் பார்க்க இன்று நமக்கு இருக்கும் சாட்சிகளில் முக்கியமானது அவருடைய எழுத்து.

ஏன் அந்தக் கட்டடம்?

1890-ல் லயல், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள் தீவை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் சாரம் இதுதான்: அந்தமான் வாழ்க்கை கைதிகளுக்குப் பழகிவிட்டது. நாடு கடத்தல் என்றால் இருந்த பயம் போய்விட்டது. எனவே வந்து சேரும் கைதியை முதலில் சில மாதங்களாவது கடுமையான தனிமையில் அடைக்க வேண்டும்.

அதற்காக எழுந்ததுதான் செல்லுலார் சிறை. 1896-ல் வேலை தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டியவர்கள் கைதிகள். செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. நடுவே ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. மொத்தம் ஏறத்தாழ 700 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஆள். "செல்" என்ற அந்தத் தனி அறைதான் சிறைக்கே பெயரானது.

ஒரு பிரிவின் முகப்பு, அடுத்த பிரிவின் முதுகைத்தான் பார்க்கும். எதிரே இன்னொரு மனிதனின் முகம் தெரியக் கூடாது என்பது கணக்கு. அறையின் நீளம் சுமார் பதின்மூன்றரை அடி; அகலம் ஏழு அடியிலிருந்து ஒன்பது அடிக்குள். காற்று வர ஒரு சிறு சாளரம், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று அவசியம் பாருங்கள். கதவிலிருந்து தள்ளி, சுவருக்குள் குடைந்த பள்ளத்தில் போய் விழும்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவன் கம்பிக்கு வெளியே எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. ஒரு தாழ்ப்பாளுக்கு இத்தனை மூளையைச் செலவழித்த அரசாங்கம், கைதியின் மலஜல வசதிக்கு ஒரு மண்சட்டியைத்தான் கொடுத்தது.

வேலை என்ன? செக்கு இழுப்பது, தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது. நாள் ஒன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரை கிலோ, ஒரு கைதி ஆட்டித் தர வேண்டும். குறைந்தால் அடி; கைவிலங்கிட்டு நிற்க வைத்தல்; உணவுக் குறைப்பு. வ.உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் இழுத்த செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் செக்கைப் பார்த்து நமக்குக் கண் கலங்கும். அந்தமானில் அது வரிசை வரிசையாக இருந்தது.

1909-க்குப் பிறகு அரசியல் கைதிகள் இங்கே வரத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் வங்காளத்தையும் பஞ்சாபையும் சேர்ந்தவர்கள். இந்துபூஷண் ராய் என்ற இளைஞர் கொடுமை தாங்காமல் 1912-ல் தன் அறையில் தூக்கு மாட்டிக்கொண்டார். உல்லாஸ்கர் தத் சித்தம் கலங்கினார். 1933 மே மாதம் நடந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா மூவரும் உயிர் விட்டார்கள். பட்டினியால் அல்ல, மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பலவந்தமாகப் பால் ஊற்றியதில். 1937-ல் மீண்டும் பெரும் உண்ணாவிரதம். நாடே கொதித்தது. காந்திஜியும் தாகூரும் தலையிட்டார்கள். அதன் பிறகுதான் 1938-க்குள் அரசியல் கைதிகள் தாயகச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இவர்கள் எல்லோரும் நம் தலைவர்கள்தான், சகோதரர்களே! சிறைக் கம்பிக்கு மதம் தெரியாது. செக்கு இழுத்தவன் எந்த மார்க்கத்தவன் என்று பார்த்து எண்ணெய் சுரக்கவில்லை. மகாவீர் சிங்கின் பெயரை மரியாதையோடு சொல்லத் தெரியாதவன் கைராபாதியின் பெயருக்கு மரியாதை கேட்கத் தகுதியற்றவன்.

மேடையில் பேசும் முன் சரி பாருங்கள்

நம் மேடைகளில் சிலர், "செல்லுலார் சிறையில் வாடிய பஸ்லே ஹக் கைராபாதி" என்று பேசுகிறார்கள். அவர் இறந்தது 1861-ல். சிறை கட்டி முடிந்தது 1906-ல். நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி! எதிரே இருப்பவன் இந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டால், நாம் சொன்ன அத்தனை உண்மைகளையும் பொய் என்று தள்ளிவிடுவான். அவர் தீவில் இருந்தார், அங்கேயே இறந்தார், அங்கேயே அடங்கியிருக்கிறார். இந்த உண்மை போதும். இதற்கு மேல் அலங்காரம் எதற்கு?

ஷேர் அலி அப்ரீதியின் கதையும் இப்படித்தான். 1872 பிப்ரவரி 8-ம் தேதி மாலை, இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹோப் டவுன் படகுத்துறையில் படகில் ஏறப்போகும் நேரம். இருட்டிலிருந்து பாய்ந்த ஷேர் அலி கத்தியால் குத்தினார். வைஸ்ராய் இறந்தார். பதவியில் இருந்தபோதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர்தான். மார்ச் 11-ம் தேதி வைப்பர் தீவில் ஷேர் அலியைத் தூக்கிலிட்டார்கள்.

அவர் அந்தமானுக்கு வந்தது சுதந்திரப் போராட்டக் கைதியாக அல்ல. பெஷாவரில் ஆங்கில அதிகாரிகளிடம் வேலை பார்த்தவர். குடும்பப் பகையில் நடந்த ஒரு கொலைக்காகத் தண்டனை பெற்றவர். வைஸ்ராயை ஏன் கொன்றார் என்பது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் அவரைத் தியாகி என்கிறார்கள். சிலர் சொந்தக் கோபம் என்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தீர்ப்பைக் கேட்பவரிடம் விட்டுவிடுங்கள். சாட்சி சொல்வதில் நேர்மை வேண்டும் என்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த பாடம். உறவினருக்கே பாதகமாக இருந்தாலும் உண்மையைச் சொல் என்று ஏவப்பட்ட சமுதாயம் நாம்.

அதே நேர்மையை மற்றவர்களிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. செல்லுலார் சிறைக்குள் கூட்டம் அதிகமாகப் போய் நிற்பது ஒரே ஓர் அறையின் முன்னால்தான். அது சாவர்க்கர் இருந்த அறை. 1911 முதல் 1921 வரை அங்கே இருந்தார், செக்கு இழுத்தார், அரசுக்கு விடுதலை கேட்டு மனுக்கள் எழுதினார். மூன்றும் பதிவான செய்திகள். அந்த வாதத்திற்குள் இன்று நான் போகவில்லை. நான் கேட்பது: ஏறத்தாழ 700 அறைகளில் ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால், மற்ற அறைகளில் இருந்தவர்கள் யார்?

பொத்தனூர் வழியாகப் போனவர்கள்

அந்த "மற்றவர்கள்" பட்டியலில் நமக்கு மிக அருகில் உள்ளவர்கள் மலபார் மாப்பிள்ளைமார்கள்.

1921-ல் மலபாரில் கிளர்ச்சி நடந்தது. மலபார் அன்று சென்னை ராஜதானியின் ஒரு மாவட்டம். அதாவது அவர்கள் நம்மோடு ஒரே ஆட்சியின் கீழ், ஒரே சட்டசபைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள். அந்தக் கிளர்ச்சியில் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. அதன் காரணங்கள் பற்றிப் பல நூல்கள் உண்டு. அதை அடக்கிய முறை பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்.

1921 நவம்பரில் திரூரிலிருந்து சுமார் 100 கைதிகளைக் காற்றுப் புகாத சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். கோவையை அடுத்த பொத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. மூச்சுத் திணறி இறந்தவர்கள் மொத்தம் சுமார் 70 பேர். நம் ஊர் ரயில் நிலையம் அது! கோவைக்கும் பாலக்காட்டுக்கும் சரக்கு வாங்கப் போகும் நம் வணிகர்கள் எத்தனை முறை அந்த நிலையத்தைக் கடந்திருப்பீர்கள்!

உயிரோடு மிஞ்சிய கைதிகளால் சென்னை ராஜதானிச் சிறைகள் நிரம்பி வழிந்தன. அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. 1919-20-ல் அமைந்த இந்தியச் சிறைக் கமிட்டி, "அந்தமானுக்குக் கைதிகளை அனுப்புவதையே நிறுத்துங்கள்" என்று சொல்லியிருந்தது. அரசாங்கமும் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் 1922 முதல் மாப்பிள்ளைக் கைதிகளைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். மற்றவர்களுக்கு ஆகாது என்று மூடத் தீர்மானித்த இடம், மாப்பிள்ளைக்கு மட்டும் ஆகும்!

பிறகு அவர்களுக்கு ஒரு திட்டம் வகுத்தார்கள். மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டால் நிலம் தருகிறோம், தீவிலேயே குடியேறுங்கள் என்றார்கள். சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் பல பெண்கள் கைக்குழந்தையோடு கடல் கடந்து போனார்கள். அவர்களைப் பற்றி ஒளி-ஒலிக் காட்சியில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தெற்கு அந்தமான் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர், மண்ணார்காடு, மலப்புரம் என்று ஊர்ப் பெயர்கள் இருக்கும். சுவரில் பெயர் எழுத ஆள் இல்லாதவர்கள் மண்ணில் தங்கள் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

இன்னும் இருவர், பிறகு ஓர் இனம்

1942 மார்ச் 23-ம் தேதி ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். விடுதலை வந்தது என்று மக்கள் எண்ணினார்கள். இரண்டே நாளில் அந்த எண்ணம் போயிற்று. வீடு புகுந்து கோழி விரட்டிய சிப்பாய்களைப் பயமுறுத்த ஜுல்பிகர் அலி என்ற இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஊரை எரிப்போம் என்று மிரட்டி அவரை வரவழைத்து, கையை முறித்து, மக்கள் முன்னிலையில் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆட்சியில் செல்லுலார் சிறைக்குள் சித்திரவதை செய்யப்பட்டு 1944 ஜனவரியில் உயிர் விட்டவர் டாக்டர் திவான் சிங் என்ற சீக்கியக் கவிஞர். நூற்றுக்கணக்கானோர் ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டு அங்கே அடைபட்டார்கள். சிறையைக் கட்டியவன் போனாலும் சிறை சும்மா இருப்பதில்லை; அடுத்து வருபவனுக்கும் அது பயன்படுகிறது. இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. அந்தத் தீவு யாருமற்ற காடு அல்ல. அந்தமான் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். தங்கள் காடு வெட்டப்படுவதைக் கண்டு, 1859 மே மாதம் வில் அம்போடு எதிர்த்து வந்தார்கள். துப்பாக்கி முன் வீழ்ந்தார்கள். பிறகு வெளியார் கொண்டுவந்த நோய்கள் அவர்களை அழித்தன. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேர் மட்டுமே. நம்மவர் பட்ட துன்பத்தைப் பேசும் நாம், நம்மவர் கையாலேயே வெட்டவைக்கப்பட்ட காட்டின் சொந்தக்காரர்களையும் பேச வேண்டும். அதுதான் நீதி.

போகும்போது செய்ய வேண்டியவை

ஒன்று: காலையில் போங்கள். அவசரமாக அல்ல, அரை நாள் ஒதுக்கிப் போங்கள். ஏழு பிரிவுகளில் இன்று மூன்றுதான் இருக்கின்றன. மற்றவை இடிக்கப்பட்டுவிட்டன, அந்த வளாகத்தில்தான் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை இயங்குகிறது. மிச்சமும் போயிருக்கும். அங்கே கைதியாக இருந்தவர்களே முதுமையில் ஒன்று கூடிக் குரல் கொடுத்ததால் காப்பாற்றப்பட்டது. 1979 பிப்ரவரி 11-ம் தேதி பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். சம்பந்தப்பட்டவர்கள் வாய் திறந்தால்தான் வரலாறு மிஞ்சும் என்பதற்கு அந்த மூன்று பிரிவுகளே சாட்சி.

இரண்டு: மேல்மாடியில் ஏதாவது ஓர் அறைக்குள் போய் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கைப்பேசியைப் பையில் வையுங்கள். தூக்குமேடைக் கொட்டகை முன் சிரித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். மற்ற இடங்களில் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

மூன்று: நடுக் கோபுரத்தில் பளிங்குப் பலகைகளில் கைதிகளின் பெயர்கள் மாகாணவாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நின்று படியுங்கள். பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நான்கு: மாலையில் நடக்கும் ஒளி-ஒலிக் காட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடப்பது. வளாகத்தில் நிற்கும் அரசமரம் கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். பாருங்கள், நன்றாக இருக்கும். ஆனால் ஒரு மணி நேரக் காட்சியில் எண்பது ஆண்டு அடங்காது என்பதை நினைவில் வையுங்கள். முன்னதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

ஐந்து: சிறையோடு நின்றுவிடாதீர்கள். வைப்பர் தீவுக்குப் படகு வசதி இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். சாத்தம் துறையிலிருந்து பாம்பூபிளாட்டுக்குப் படகில் போங்கள். அங்குள்ள பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, பெரியவர் ஒருவரிடம், "உங்கள் பாட்டனார் எந்த ஊர்?" என்று கேளுங்கள். நூலில் இல்லாத வரலாறு கிடைக்கும். கைதிகளின் வழிவந்த "லோக்கல் பார்ன்" மக்களையும் சந்தியுங்கள். பல மாகாணம், பல மதம், பல சாதிக் கைதிகளின் பிள்ளைகள் இந்துஸ்தானி பேசி, ஒருவர் விழாவில் ஒருவர் கலந்து வாழ்கிறார்கள். பிரித்துப் பூட்டி வைத்த இடத்தில் சேர்ந்து வாழக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

வணிகப் பெருமக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அந்தமானுக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும்தான் போகிறது. அபர்தீன் பஜாரில் தமிழ் பேசாமல் ஒரு நாளும் விடிவதில்லை. அந்த பஜாருக்கும் சிறைக்கும் நடக்கும் தூரம்தான். ஊரிலிருந்து ஆள் வந்தால் கடற்கரைக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிறீர்கள். இனி சிறைக்கும் ஆலிம்களின் அடக்கத்தலங்களுக்கும் கூட்டிப் போங்கள். உங்கள் ஜமாஅத் பள்ளி மாணவர்கள் பத்துப் பேரை ஆண்டுக்கொரு முறை அழைத்துச் செல்லும் செலவை நாலைந்து வணிகர்கள் சேர்ந்து ஏற்றால் பெரிய பாரமில்லை.

திரும்பி வந்த பிறகு

பழைய சிறைக்குச் சீட்டு வாங்கிப் போய்க் கண்ணீர் விடுவது சுலபம். இன்று பூட்டியிருக்கும் சிறைக்குள் இருப்பவரை நினைப்பதுதான் கடினம்.

2022-ம் ஆண்டு இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் ஐந்தேமுக்கால் லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கை. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றம் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். எல்லா மதத்தவரும் அதில் உண்டு. பொதுவான அடையாளம் ஏழ்மை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்கள் உண்டு.

இளைஞர்களே, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ம் பிரிவு, குற்றச்சாட்டுக்குரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விடச் சொல்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. ஏழைகளுக்கு இலவச வக்கீல் வைத்துத் தர ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. இந்த இரண்டு செய்திகளைத் தெரியாமல் எத்தனையோ தாய்மார்கள் கோர்ட் வாசலில் நகையை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மஹல்லாவில் இருவராவது இதைப் படித்து, கேட்டு வருபவருக்கு வழி சொல்லுங்கள். வருபவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்காதீர்கள்.

சகோதரர்களே! கைராபாதிக்கு நாம் கட்டடம் எழுப்ப வேண்டாம். காகோரவிக்குச் சிலை வைப்பது நம் வழக்கமும் அல்ல. அவர்கள் இருந்த இடத்துக்குப் போய், அவர்கள் பெயரைச் சரியாகச் சொல்லி, துஆச் செய்து, நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். "இந்த நாட்டுக்கு உன் முன்னோர் என்ன செய்தார்?" என்று நாளை ஒருவன் நம் பிள்ளையிடம் கேட்டால், அவன் கோபப்படவும் வேண்டாம், தலை குனியவும் வேண்டாம். ஆண்டைச் சொல்லி, பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லி நிதானமாகப் பதில் சொல்லட்டும்.

அடுத்த முறை அந்தமானுக்குச் சீட்டு எடுக்கும்போது, ஒரு நாளைக் கூட்டி எடுங்கள்.